எடுத்துக் கொடுப்பவளின் முகமூடி

ஆகஸ்ட் 2, திங்கள்

இன்று எங்கள் நாடக அரங்கத்தைப் போய்ப் பார்க்க என் முறை. அரங்கத்தைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டுவிட்டு வந்தேன். கொரோனாவால் பதினேழு மாதப் பூட்டு. திரையை உதறியதும் தும்மல் வந்தது. ஆளில்லாத அரங்கத்திலும் பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தேன். மேடையின் இடது ஓரப் படுதாவுக்குப் பின்னால் என் ஸ்டூல் போட்டது போட்டபடி இருந்தது. அதன் கீழே எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரருடைய பழைய கிண்டல். "இருபத்திரண்டு வருஷமா நாடகத்துக்குப் போறே, உன் குரல நான் ஒருநாள்கூடக் கேட்டதில்ல." கேட்டிருந்தால் என் வேலை போயிருக்கும். நடிகர் வசனத்தை மறந்தால், அவருக்கு மட்டும் கேட்கும்படி அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் வரிசைக்குக் கேட்டுவிட்டால் அன்றைக்கு நான் தோற்றேன் என்று அர்த்தம். இதை இருபத்திரண்டு வருஷமாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவரும் இருபத்திரண்டு வருஷமாக அதையே கேட்கிறார்.

ஆகஸ்ட் 9, திங்கள்

டைரக்டர் தம்பி போன் செய்தான். மறுபடி நாடகம் போட அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நாற்காலிதான். அதற்கு மேல் ஒரு ஆள் கூடாது. சுகாதார அதிகாரி வந்து பார்ப்பார். பாதுகாப்புக்கு என்று ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நானாம்.

ஏன் நான் என்று கேட்டேன். "மத்தவங்க தப்பக் கண்டுபிடிக்கறதுதானேக்கா உங்க தொழில்?" என்றான். கோபம் வந்திருக்க வேண்டும், பெருமையாக இருந்தது. வெட்கக்கேடு.

வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா இழுப்பு இருக்கிறது. வெளியே போய்விட்டு வந்தால் குளித்த பிறகுதான் அவர் பக்கம் போகிறேன். இதில் நாடகம் வேறு. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 16, திங்கள்

ஜன்னல்கள்! எங்கள் அரங்கத்துக்குப் பதினான்கு ஜன்னல் இருக்கிறது என்பதே இன்றுதான் தெரிந்தது. இருட்டு வேண்டும் என்று எந்தக் காலத்திலோ பலகை அடித்து, கறுப்புத் துணி போர்த்தி மூடியிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் போதாது, காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பலகையை எல்லாம் பெயர்த்து எடுத்தார்கள். வெயில் மேடை வரைக்கும் வந்து விழுந்தது.

லைட்டுக்கு முகமே செத்துவிட்டது. விளக்குகளைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் லைட்டு என்றுதான் கூப்பிடுகிறோம். "சாயங்காலம் நாலு மணிக்கு நாடகம், பதினாலு ஜன்னலும் தொறந்து கெடக்கு. நான் என்னத்தப் போட்டு என்னத்த அணைக்கறது?" என்றார். அவர் வேலையில் பாதியை நான் பிடுங்கிவிட்டேன். சாயங்காலம் அவரே ஏணி போட்டு, துருப்பிடித்த கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 23, திங்கள்

ஒத்திகை ஆரம்பம். எங்கள் மூத்த நடிகர் பெரியண்ணன் வந்தார்.

ஏப்ரலில் எங்களில் அவருக்குத்தான் முதலில் தொற்று வந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்த நாட்களில் போன் அடித்தாலே எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்று சட்டை தோளில் தொங்க வந்து நின்றார். யாரும் கிட்டே போகக் கூடாது. அவரவருக்கென்று தரையில் ஒட்டிய டேப் குறியில் நின்றபடி அழுதோம். "என்ன, நாடகத்துக்கு வந்தீங்களா, எழவுக்கு வந்தீங்களா?" என்றார். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய ஸ்டேஷன் மாஸ்டர் நாடகத்தைத்தான் போடப்போகிறோம். ரயில் நிற்பதை விட்டுவிட்ட ஒரு சின்ன ஸ்டேஷன். மாஸ்டர் மட்டும் தினமும் மணியடித்து, கொடி காட்டிக்கொண்டிருப்பார். ஏறக்குறைய முழு நாடகமும் பெரியண்ணன் ஒருவர் தோளில்.

ஆகஸ்ட் 25, புதன்

பெரியண்ணன் முதல் காட்சியில் மட்டும் பதினோரு இடத்தில் வசனம் மறந்து நின்றார். பதினேழு மாதம் ஆயிற்றே. சரியாகிவிடும்.

செப்டம்பர் 1, புதன்

சரியாகவில்லை.

மத்தியானம் பெரியண்ணன் மனைவி, அண்ணி, போனில் பேசினார். பெரியண்ணனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே இப்படித்தானாம். காலையில் படிப்பது சாயங்காலம் இருப்பதில்லை. டாக்டர் கொஞ்ச நாளில் தேறலாம் என்கிறார், தேறாமலும் இருக்கலாம் என்கிறார். "மேடைய விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு? நீதான் பாத்துக்கணும். யாருக்கும் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு அண்ணி அழுதார்.

தெரிந்தால் என்ன ஆகும்? தபால்காரர் வேஷம் போடுபவருக்கு எல்லா வசனமும் மனப்பாடம். டைரக்டர் கெட்டவன் இல்லை. ஆனாலும் திறக்கிற நாளில் நாடகம் விழுந்தால் இந்த அரங்கம் மறுபடி எழுந்திருக்காது என்ற பயத்தில் இருக்கிறான். மாற்றிவிடுவான். பெரியண்ணனும் மறுபேச்சு பேசாமல் போய்விடுவார். போனால் திரும்பி வர மாட்டார்.

நான் இருக்கிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். இருபத்திரண்டு வருஷமாக அவர் மறக்கும்போதெல்லாம் அவருக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்க்கும். உடனே கண் என் வாய்க்கு வரும். நான் உதட்டை அசைத்தாலே போதும், பிடித்துக்கொள்வார். இப்போது உதட்டை முகமூடி மறைத்திருக்கிறது. ஆனாலும் அரங்கம் அமைதியாக இருப்பதால் மெல்லச் சொன்னால் கேட்கிறது. ஓட்டிவிடலாம்.

செப்டம்பர் 10, வெள்ளி

ஜன்னலுக்கு ஜன்னல் பெரிய மின்விசிறி வைத்தாயிற்று. காற்று மீட்டர் என்று ஒரு குட்டிப் பெட்டி வாங்கியிருக்கிறோம். நாம் விட்ட மூச்சு எவ்வளவு அறைக்குள் தங்குகிறது என்று எண்ணில் காட்டும். ஆயிரத்து நானூறு காட்டிய அரங்கம் அறுநூற்று ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் விசிறிகளின் பேயிரைச்சல். அதை யோசிக்கவே இல்லை நான்.

காற்று தடைபடுகிறது என்று ஓரப் படுதாக்களையும் கழற்றச் சொன்னேன். என் ஸ்டூலை இரண்டு மீட்டர் பின்னால் தள்ளச் சொன்னதும் நானேதான். கதவருகே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: மேடையில் நடிப்பவர் தவிர மற்றவர் முகமூடி எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது.

செப்டம்பர் 14, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் ஆறும்.

கடிதக் காட்சி. மாஸ்டர் கடிதத்தைப் பிரித்துவிட்டு நிற்கிறார். கட்டைவிரல் தேய்க்க ஆரம்பித்தது. சொன்னேன். விசிறி சத்தத்தில் கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன், முகமூடி விழுங்கிவிட்டது. கண் என் வாய்க்கு வந்தது. அங்கே வெறும் துணி. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். டைரக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கை தானாகப் போயிற்று. முகமூடியை இறக்கிவிட்டு உதட்டை அசைத்தேன். பிடித்துக்கொண்டார். அருமையாகச் செய்தார்.

இன்று ஒன்பது தரம் இறக்கினேன். பக்கத்தில் லைட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஒட்டின காகிதத்தில் பசைகூட இன்னும் காயவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை.

செப்டம்பர் 16, வியாழன்

வாரா வாரம் எல்லோரும் செய்துகொள்ளும் கொரோனா பரிசோதனை. எனக்கு இரண்டு கோடு, தொற்று.

மறுபடி செய்தேன். இரண்டு கோடு.

செப்டம்பர் 17, வெள்ளி

முன்னறையில் அடைந்து கிடக்கிறேன். லேசாகத் தொண்டை வலி, வேறு ஒன்றுமில்லை. அவருக்கு ஒரே கோடுதான். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நடையின் அந்தக் கோடியில் போய் நின்று பேசுகிறார். இழுப்பு வந்தால் சொல்லவே மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி பேசுகிறேன்.

டைரக்டர் போனில் முறைப்படி கேட்டான். "முகமூடி இல்லாம யார்கிட்டயாவது இருந்தீங்களாக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பொய். இரண்டு மீட்டர் தள்ளி லைட்டு. எதிரே, ஒருமுறை செத்துப் பிழைத்தவர். உண்மையைச் சொன்னால் ஏன் இறக்கினாய் என்று கேட்பான். அதற்குப் பதில் சொன்னால் பெரியண்ணன் மேடையை விட்டு இறங்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால் நாளைக்கு எல்லோரும் ஒத்திகைக்கு வந்து ஒருவர் முகத்தில் ஒருவர் மூச்சு விடுவார்கள். நான் யாரைக் காப்பாற்றுகிறேன்? அவரையா, என்னையா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன்.

இருமுகிறேனா என்று நான் இருமிப் பார்க்கிறேன். பைத்தியம்.

செப்டம்பர் 18, சனி

காலையில் முதலில் பெரியண்ணனுக்குப் பேசினேன். டைரக்டரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன், உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றேன். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

டைரக்டரிடம் சொன்னேன்: செவ்வாய்க்கிழமை ஒன்பது தரம் முகமூடியை இறக்கினேன், நேற்று பொய் சொன்னேன், ஒத்திகையை நிறுத்து, எல்லோரையும் பரிசோதனைக்கு அனுப்பு. அவன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நீங்களாக்கா?" என்றான். பிறகு ஏன் என்று கேட்டான். அதை மட்டும் நான் சொல்லவில்லை. பழக்கதோஷம் என்றேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி திறப்பதாக இருந்தது. இனி இல்லை.

செப்டம்பர் 19, ஞாயிறு

நாடகக் கம்பெனியின் வாட்ஸப் குழுவில் பெரியண்ணன் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எல்லாருக்கும் வணக்கம். புத்தகம் முகமூடிய எறக்குனது எனக்காக. காய்ச்சலுக்கப்புறம் எனக்கு வசனம் நிக்க மாட்டேங்குது. அவ எடுத்துக் குடுத்துத்தான் இத்தன நாளும் ஓட்டுனேன். ஃபேன் சத்தத்துல அவ சொல்றது கேக்கல, அதான் வாயக் காட்டுனா. இதக்கூட எழுதி வெச்சுத்தான் படிக்கறேன். அவளத் திட்டாதீங்க. வேஷத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க."

புத்தகம் என்பது நான்தான். எப்போதும் கையில் வசனப் புத்தகத்தோடு இருப்பதால் அவர் வைத்த பெயர்.

தாள் புரளும் சத்தம் பதிவில் கேட்கிறது. நான்கு தரம் கேட்டேன். கதவுக்கு அந்தப்பக்கம் நடையில் நின்று வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "பெரிய மனுஷன்" என்றார்.

செப்டம்பர் 21, செவ்வாய்

லைட்டுக்கு வந்துவிட்டது. என்னால்தான். போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். காய்ச்சல் இருக்கிறது, வாய்க்கு ருசி தெரியவில்லை என்றார். "எங்க வீட்டுச் சமையலுக்கு ருசி தெரியாம இருக்கறதே மேல் அக்கா, விடுங்க." பின்னாலிருந்து அவர் மனைவி ஏதோ சொன்னார். சிரித்தேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

பெரியண்ணனுக்கு ஒரு கோடு. இன்னும் இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 24, வெள்ளி

பெரியண்ணன் – ஒரு கோடு. லைட்டுக்குக் காய்ச்சல் விட்டது.

செப்டம்பர் 26, ஞாயிறு

பெரியண்ணனுக்கு மூன்றாவது தரமும் ஒரே கோடு. மற்ற எல்லோருக்கும் அப்படியே. ஜன்னலுக்கு ஒரு கும்பிடு.

போனில் கூட்டம் போட்டோம். ஆளாளுக்குச் சின்னச் சின்னக் கட்டத்தில் முகம். நான் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றேன். டைரக்டர், "தப்பு எங்க நடக்கும்னு இப்ப உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே இருங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

வேஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தபால்காரர் தலை குனிந்துகொண்டார். அவருக்கு வேஷம் வேண்டும், இப்படி வேண்டாம். பெரியண்ணன் தன் கட்டத்தில் நாற்காலியை மட்டும் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

லைட்டுதான் ஆரம்பித்தார், படுக்கையிலிருந்தே. "படுதாவையும் கழட்டியாச்சு, இருட்டும் கெடையாது. அக்கா எங்க ஒளிஞ்சாலும் ஜனத்துக்குத் தெரியத்தான் போகுது. அப்புறம் எதுக்கு ஒளியணும்? நம்ம ஸ்டேஷன் செட்டுல டிக்கெட் கவுன்ட்டர் சும்மாதான கெடக்கு. அதுல உக்காந்து மைக்ல சொல்லட்டும்."

ஜனங்களுக்குக் கேட்கும்படியா? நான் ஒரேயடியாக முடியாது என்றேன். பெரியண்ணனின் காலி நாற்காலி அந்தக் கட்டத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. பார்க்கிறேன் என்றேன்.

அக்டோபர் 4, திங்கள்

வெளியே வந்துவிட்டேன். ஒத்திகை.

டைரக்டர் கூப்பிட்டுப் பெரியண்ணனும் வந்தார். மேடையில் ஏறினார். நின்றார். நான் கவுன்ட்டரில் முகமூடியோடு உட்கார்ந்து, கழுத்து மைக்கில் வசனத்தைச் சொன்னேன். என் குரல் அரங்கம் முழுக்க அடித்துக்கொண்டு வந்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவருக்கும்தான். முகம் சிவந்து இறங்கிப் போய், பத்து நிமிஷம் ஜன்னலோரம் நின்றார்.

திரும்பி வந்து கேட்டார். "உனக்கு வெக்கமா இருக்கா?" ஆமாம் அண்ணே என்றேன். "எனக்கும்தான். சரி, ரெண்டு பேரும் சேந்தே வெக்கப்படுவோம்."

அக்டோபர் 7, வியாழன்

சுகாதார அதிகாரி வந்தார். கெட்டிக்கார அம்மா. மீட்டரைத் தன் கையில் வாங்கி மூலை மூலையாகப் பார்த்தார். நாற்காலிகளுக்கு நடுவே இடைவெளி, பரிசோதனைப் பதிவு, வருபவர்களின் போன் எண் எழுதும் நோட்டு, எல்லாம். இங்கே யாருக்காவது தொற்று வந்ததா என்றார். எனக்கு வந்தது, இன்னொருவருக்கு என்னால் வந்தது, முகமூடியை இறக்கினேன் என்று சொன்னேன். டைரக்டருக்கு மூச்சே நின்றுவிட்டது.

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டு, இப்போது என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டார். டிக்கெட் கவுன்ட்டரைக் காட்டினேன்.

கையெழுத்துப் போட்டார். முதல் காட்சிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் பதினான்கு நாள் விடுவோம், வந்தவர்கள் எல்லோரையும் விசாரித்த பிறகுதான் அடுத்தது என்று நானே எழுதிக் கொடுத்தேன். டைரக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! போகட்டும்.

அக்டோபர் 15, வெள்ளி

நாளைக்கு நாடகம். மனப்பாடமான வசனத்தையே மூன்றாவது தரம் படிக்கிறேன். நடிகர்களின் முதல்நாள் பயத்தை இத்தனை வருஷம் கேலி செய்திருக்கிறேன்.

அக்டோபர் 16, சனி

அறுபத்து நான்கு பேர். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, முகமூடியோடு, சாயங்கால வெளிச்சத்தில். கண் மட்டும் தெரிந்தது. கடைசி வரிசையில் ஜன்னலோரம் என் வீட்டுக்காரர். வரக்கூடாது என்று நூறு தரம் சொல்லியிருந்தேன். இரண்டு முகமூடி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ஆரம்பிக்கும் முன்னால் பெரியண்ணன் முன்னால் வந்தார். கையில் காகிதம் இல்லை.

"ஏப்ரல்ல எனக்கு இந்தக் காய்ச்சல் வந்துச்சு. உசுரு திரும்பி வந்துடுச்சு, வசனம் முழுசா வரல. அதெல்லாம் அந்த டிக்கெட் கவுன்ட்டர்ல இருக்கறவங்ககிட்ட இருக்கு. நான் நின்னா அவங்க குடுப்பாங்க. பாக்காத மாதிரி இருக்க வேணாம். நல்லாவே பாருங்க."

முதல் தரம் அவர் நின்றார். சொன்னேன். அறுபத்து நான்கு தலையும் என் பக்கம் திரும்பின. அவர் என்ன செய்தார் தெரியுமா? கவுன்ட்டருக்கு நடந்து வந்து, டிக்கெட் வாங்குகிறவர் மாதிரி கையை நீட்டி, அந்த வசனத்தை வாங்கிக்கொண்டு போனார். ஒத்திகையில் இது கிடையாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் வந்து வாங்கினார். மூன்றாவது தரம் ஜனங்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. ஆறு தரம் வாங்கினார்.

கடைசிக் காட்சி. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு ரயில் வந்து நிற்கிறது. மாஸ்டர் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். அவர் மறக்கவே முடியாத வசனம். ஏப்ரலில் ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் பிதற்றிக்கொண்டிருந்தாராம், அண்ணி சொல்லியிருக்கிறார். விளக்கைத் தூக்கினார். நின்றார்.

கையைப் பார்த்தேன். கட்டைவிரல் அசையவில்லை.

என்னைப் பார்த்தார். மறந்தவர் பார்வை எனக்குத் தெரியாதா? இது அது இல்லை. நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தை மூடினேன். "வண்டி நின்னுடுச்சு. யாராவது எறங்கறாங்களான்னு பாரு" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு விளக்கை ஜனங்கள் பக்கம் திருப்பினார். லைட்டு விசிறிகளை நிறுத்திவிட்டார். அது மட்டும் விதிப்படி தப்பு. அரை நிமிஷம்தான். மீட்டரைப் பார்த்தேன், எழுநூற்றுப் பத்து. ஒன்றும் சொல்லவில்லை.

நானும் வீட்டுக்காரரும் வீடு திரும்பினோம். செருப்பைக் கழற்றும்போது, "இன்னிக்கு நல்லாக் கேட்டுச்சு" என்றார்.

அக்டோபர் 20, புதன்

ஒவ்வொரு தும்மலுக்கும் திடுக்கிடுகிறேன். வீட்டுக்காரருக்கு மூச்சு சீராக இருக்கிறது. இன்னும் பத்து நாள்.

அக்டோபர் 30, சனி

பதினான்கு நாள். காலையில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அறுபத்து நான்கு பேருக்கும் வரிசையாகப் போன் செய்தேன். காய்ச்சல், இருமல், வீட்டில் யாருக்காவது? ஒருவர் பல்வலி என்றார். ஒரு அம்மா எடுக்கவே இல்லை. மூன்று தரம் செய்தபிறகு எடுத்து, துணி துவைத்துக்கொண்டிருந்தேன் என்று திட்டினார். அந்தத் திட்டு எவ்வளவு இனித்தது!

யாருக்கும் ஒன்றுமில்லை. டைரக்டருக்குச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமைக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டான்.

அறுபத்து நாலாவது ஆள் ஒரு பெரியவர். நான் இன்னார் என்று சொல்லத் தொடங்குவதற்குள்ளேயே, "இருங்க, இருங்க. டிக்கெட் கவுன்ட்டர்ல இருந்தவங்கதானே நீங்க? கொரல்லயே தெரியுது" என்றார்.

சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

ஆமாம் என்றேன். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறதாம். அடுத்த தரம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம், ஜன்னலோரமாக இரண்டு இடம் வேண்டுமாம். எழுதிக்கொண்டேன்.